பாட்டன் கப்பலேறிய பணம் யாருடையது?



கடப்பிதழ் எடுக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறோம். படம் எடுக்கிறார்கள். விரல் ரேகை வாங்குகிறார்கள். முகப்பில் பணம் கட்டி ரசீது பெறுகிறோம். கடப்பிதழ் கைக்கு வந்த மகிழ்ச்சியில் ரசீதை எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிடுகிறது. 2015-ஆம் ஆண்டில் கட்டணத்தை மாற்றியமைத்தபோது ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 வெள்ளி என்றும், சிறுவருக்கும் முதியோருக்கும் 100 வெள்ளி என்றும் வைத்தார்கள். அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்று ஒரு வீட்டில் நான்கு பேர் எடுத்தால் 800 வெள்ளி. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா?

அந்தப் பணம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? "கவர்மெண்டுக்குப் போகிறது" என்பீர்கள். சரிதான். ஆனால் கவர்மெண்டில் எந்தப் பெட்டிக்கு? அதை எண்ணிப் பார்ப்பவர் யார்? எடுத்துச் செலவு செய்பவர் யார்? இந்தக் கேள்விகள் நம்மவருக்குப் புதியவையல்ல. இந்த மண்ணுக்கு நம் பாட்டன் பாட்டிகள் வந்ததே ஒரு நிதியின் பணத்தில்தான். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கணக்கை இந்த இதழில் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மூன்று பெட்டிகள்

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். பணத்தைப் போட்டுவைக்க மூன்று வகைப் பெட்டிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பொதுப் பெட்டி. நமது கூட்டரசு அரசியல் சட்டத்தின் 97-ஆம் பிரிவு, கூட்டரசு திரட்டுகின்ற வருமானம் பொதுவாக ஒரே நிதியில் சேரவேண்டும் என்று சொல்கிறது. அதற்குத் தொகுப்பு நிதி என்று பெயர். கடப்பிதழுக்கு நீங்கள் கட்டும் பணமும் அங்கேதான் சேரும். ஆற்றில் கலந்த நீரைப்போல அதைத் தனியே பிரிக்க முடியாது. உங்கள் 200 வெள்ளி ஒரு மருத்துவமனைக்கும் போகலாம், ஒரு பாலத்துக்கும் போகலாம், ஓர் அதிகாரியின் சம்பளத்துக்கும் போகலாம். எதற்குப் போகவேண்டும் என்பதை நாடாளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தில் முடிவு செய்யும். தலைமைக் கணக்காய்வாளர் கணக்கைப் பார்ப்பார்.

இரண்டாவது, பெயர் வைத்த பெட்டி. "இன்ன கூட்டத்தாருக்கு, இன்ன காரியத்துக்கு" என்று எழுதி ஒட்டிய பெட்டி. அதில் உள்ள பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுக்கக்கூடாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் உள்ள ஒருவர் போய், "என் பங்கைக் கொடுங்கள்" என்று கேட்கவும் முடியாது. சாவி ஒரு குழுவின் கையில் இருக்கும்.

மூன்றாவது, ஆள் பெயர் எழுதிய பெட்டி. உங்கள் பெயர், உங்கள் எண், உங்கள் கணக்கு. ஊழியர் சேமநிதி இந்த வகை. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது சுலபமாக விளங்கும்.

ரவாங்கில் நின்று பார்த்தால்

நம் ரவாங் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போன ரயில் பாதை 1892-இல் இங்கே வந்து சேர்ந்தது. 1894-இல் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் நீர் இறைத்தார்கள். நாட்டில் மின்சாரம் முதன்முதலில் வேலைக்குப் பயன்பட்டது அங்கேதான் என்று வரலாறு சொல்கிறது. பிறகு ரப்பர் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை, கோலசிலாங்கூர், கிள்ளான் என்று நாலா பக்கமும் தோட்டங்கள் எழுந்தன.

ரயில் பாதை போடவும், சாலை வெட்டவும், ரப்பர் நடவும் ஆள் வேண்டும். ஆள் தமிழ்நாட்டில் இருந்தது. நடுவில் கடல் இருந்தது. கடலைத் தாண்டக் கப்பல் கூலி வேண்டும். அதை யார் கொடுப்பது? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

ஆரம்பத்தில் ஒப்பந்த முறை இருந்தது. பயணச் செலவைத் துரைமார் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு உழைத்தாக வேண்டும் என்று கையெழுத்து, அதாவது கைநாட்டு, வாங்கினார்கள். நடுவில் விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கும் போகவேண்டும். அதன் பிறகு கங்காணி முறை பரவியது. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் தெருவிலும் ஆள் சேர்த்து வந்தார். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது.

இதில் துரைமாருக்குள்ளேயே ஒரு சச்சரவு கிளம்பியது. ஒரு தோட்டம் பணம் செலவழித்து ஐம்பது பேரைக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் ஒரு காசும் செலவழிக்காது. "நான் ஐந்து காசு கூடத் தருகிறேன்" என்று ஆசை காட்டி அந்த ஐம்பது பேரையும் இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, ஆள் இன்னொருவருக்கு. இதைத் தீர்க்கத்தான் அரசாங்கம் நடுவில் வந்தது.

1907-இல் பிறந்த நிதி

1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. பின்னாளில் இதற்கு இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. ஏற்பாடு இதுதான். தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் எந்த முதலாளியும், அவர் இந்தியாவுக்கு ஆளனுப்பித் திரட்டினாலும் சரி, திரட்டாவிட்டாலும் சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கத்திடம் பணம் கட்டவேண்டும். எவ்வளவு? தம்மிடம் அந்தத் தொழிலாளர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி. ரயில்வே, பொதுப்பணி இலாகா என்று அரசாங்கமே முதலாளியாக இருந்த இடங்களிலும் இதே விதி.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பொழுது விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுவைக்குப் போன உங்கள் பாட்டிக்குச் செக்ரோலில் கிராணியார் ஒரு பேர் போட்டார் அல்லவா? அந்த ஒவ்வொரு பேருக்கும் இரண்டு கணக்கு நடந்தது. ஒன்று அவருடைய சம்பளக் கணக்கு. மற்றொன்று, அவருக்குத் தெரியாமலே கோலாலம்பூருக்குப் போன குடியேற்ற நிதிக் கணக்கு.

சேர்ந்த பணம் என்ன ஆயிற்று? ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் ஆட்களுக்குச் சாப்பாடு போட, ரயில் கட்டணம் கொடுக்க, கப்பல் கூலி கொடுக்க, கங்காணிக்குப் படி அளக்க, இங்கே கரையில் நோய்த் தடுப்பு முகாமில் தங்கவைத்துப் பிறகு தோட்டத்துக்கு அனுப்ப அது செலவானது. உழைத்து ஓய்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும், போக்கிடமில்லாத முதியவர்களைக் காப்பகத்தில் வைத்துப் பார்க்கவும் ஒரு பகுதி செலவானது.

மூன்று பெட்டிகளில் இது இரண்டாவது வகை. அரசாங்கம்தான் வசூலித்தது, ஆனாலும் அரசாங்கத்தின் பொது வருமானத்தில் அது சேரவில்லை. தனி நிதியாகவே நின்றது. அதைக் கவனிக்க இந்தியர் குடியேற்றக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் அரசாங்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்ட முதலாளிகளின் ஆட்கள் இருந்தார்கள். யாருடைய பேரைக் கணக்குப் போட்டு அந்தப் பணம் திரண்டதோ அந்தத் தொழிலாளிக்கு அங்கே ஒரு நாற்காலி இல்லை.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. இந்த நிதியால் ஒரு நன்மை உண்டாயிற்று. பயணச் செலவை நிதி ஏற்றுக்கொண்டதால், அதன்வழி வந்த தொழிலாளி சட்டப்படி பயணக் கடனில்லாத ஆளாகக் கரையிறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் அவருக்கு வழி இருந்தது. பழைய ஒப்பந்த முறையில் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது 1910-இல் நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். கட்டிப்போடாமலே ஆள் கிடைக்கும்போது கட்டிப்போடுவானேன்?

இலங்கையை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சகோதரர்களின் தலையில் பயணச் செலவே கடனாக ஏறியது. அங்கே துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருக்கும். அந்தக் கடனை எந்தத் தோட்டம் அடைக்க முன்வருகிறதோ அந்தத் தோட்டத்துக்கு ஆள் கைமாறுவார். காகிதம் கைமாறினால் குடும்பமே கைமாறியது. 1921-இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது.

ஆக, மலாயாவில் கடன் காகிதம் இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் கடன் இல்லை என்பதற்காகக் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடுமா?

மதகைத் திறந்தார்கள், மூடினார்கள்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மதகைப் பார்த்திருப்பீர்கள். தேவைப்பட்டால் திறப்பார்கள், போதுமென்றால் அடைப்பார்கள். குடியேற்ற நிதி அந்த மதகைப்போலத்தான் வேலை செய்தது. ரப்பர் விலை ஏறினால் பணத்தை வாரி இறைத்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆள் நிறைய வந்தால் சம்பளம் ஏறாது. 1920-களின் கடைசியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைச் சம்பளம் வைத்தார்கள். ரப்பர் கொழித்த காலத்தில் கம்பெனிகள் கண்ட லாபத்துக்கும் இந்தக் காசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-இல் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. ஆள் திரட்டுவதை நிறுத்தினார்கள். இருந்தவர்களை என்ன செய்வது? ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். எந்தப் பணம் அவர்களை அழைத்து வந்ததோ, அதே நிதி அவர்களை அனுப்பிவைக்கவும் கை கொடுத்தது. 1934-இல் விலை தேறியதும் மதகு மீண்டும் திறந்தது.

இப்போது கேட்டுப் பாருங்கள். இந்தப் பணம் யாருடையது?

"முதலாளிகள் கட்டியது, ஆகவே முதலாளிகளுடையது" என்று ஒரு கட்சி. சட்டப்படி பார்த்தால் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒரு முதலாளி தொழிலாளிக்காகக் கட்டும் எதையும் உற்பத்திச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார். நிதிக்கு இவ்வளவு போகிறது என்றால் சம்பளத்துக்கு இவ்வளவுதான் என்று முடிவு செய்வார். அப்படியானால் பாதி வியர்வை நம் பாட்டனுடையது என்று சொல்வதில் என்ன தவறு? "தொழிலாளர் நாள் கணக்குப்படி திரண்டது, தொழிலாளர் பெயரில் நின்றது, ஆகவே தொழிலாளருக்கே உரியது" என்பது மறு கட்சி. எனக்கு இந்த இரண்டாவது வாதமே நியாயமாகப் படுகிறது. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

அந்த நாளில் இதை எடுத்துச் சொல்ல நமக்கு ஆள் குறைவு. மலாயா அப்போது ஆங்கிலேயருக்குக் கட்டுப்பட்ட நாடு. நமக்கு ஓட்டு இல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் மன்றத்தில் இந்தியர் ஒருவர், வழக்கறிஞர் எஸ். வீராசாமி, உட்கார்ந்ததே 1928-இல்தான். அவரும் நியமன உறுப்பினரே. இந்திய அரசாங்கத்தின் 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய முகவர் ஒருவர் கோலாலம்பூருக்கு வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். பார்ப்பதும் எழுதுவதும் அவர் கையில் இருந்தன. சாவி அவர் கையில் இல்லை.

மூன்று பவுன் வரி

குடியேறிய தமிழரிடம் அரசாங்கம் பணம் வாங்கிய கதை மலாயாவோடு முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்த இந்தியர், மறுபடி ஒப்பந்தத்தில் சேரவேண்டும். இல்லையென்றால் இந்தியாவுக்குத் திரும்பவேண்டும். இரண்டும் வேண்டாம், இங்கேயே சுதந்திரமாக வாழ்கிறேன் என்றால் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டவேண்டும். பின்னர் பிள்ளைகளையும் விடவில்லை. 16 வயது தாண்டிய ஆண் பிள்ளையும் 13 வயது தாண்டிய பெண் பிள்ளையும் கட்டவேண்டும் என்றார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். கணக்குப் போடுங்கள்: ஒரு தலைக்கு ஆறு மாதச் சம்பளம். வீட்டில் நான்கு பேர் என்றால்? அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பதற்காக மட்டும் போட்ட வரியா அது? இல்லை. மக்களை மறுபடியும் தோட்டத்துக்குள் தள்ளப் போட்ட வரி.

1913-இல் காந்தியடிகள் தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி நடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள், தெலுங்கர்கள். பெண்களும் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில், பதினாறு வயதில் உயிர் துறந்தார். அதே ஆண்டில் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது. ஒரு கட்டணம் நியாயமா என்று கேட்பதற்கு நம் இனத்துப் பெண்பிள்ளை ஒருத்தி உயிரையே கொடுத்திருக்கிறாள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

ஆள் வருவது நின்றது, நிதி நின்றதா?

1936-ஆம் ஆண்டுக் கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்ட நிலைமையைப் பார்த்தார். கங்காணி மூலம் ஆள் திரட்டுவது இனி வேண்டாம் என்று 1937-இல் வெளியான அவரது அறிக்கை சொன்னது. 1938-இல் இங்கே சம்பளத்தைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசாங்கம் அந்த ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் முதல் உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. அன்றோடு மதகின் ஒரு கதவு அடைபட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காகவும் மரியாதைக்காகவும் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆள் வருவது நின்ற பிறகும் நிதி இருந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1958-இல், தென்னிந்தியத் தொழிலாளர் நிதிச் சட்டம் வந்தது. பழைய நிதியின் சொத்து இந்தப் புதிய நிதிக்கு மாறியது. அதைக் கவனிக்க ஒரு வாரியம் அமைந்தது. தொழிலாளர் நலன், திரும்பிச் செல்வோருக்கு உதவி, முதியோர் காப்பகம் என்று அது நடந்தது. 1990-களின் கடைசியில் அந்த வாரியமும் கலைக்கப்பட்டு, எஞ்சிய சொத்து அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பெயர் எழுதி வைத்த பெட்டி கடைசியில் மூடப்பட்டது.

அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, லயத்து வீடுகளை விட்டு நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தன என்பதை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. தேவை மிகுந்திருந்த வேளையில் பெட்டி மூடியது. அந்த நிதி இருந்ததையும் மூடியதையும் எத்தனை தோட்டத்து வீடுகளில் பேசினோம்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நமக்கென்று அளந்து வைத்ததையே நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

காகிதத்தின் விலை

பணம் ஒரு பக்கம். காகிதம் மறு பக்கம். 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. நினைத்தபோது கப்பலேறி நினைத்தபோது திரும்பிய காலம் முடிந்தது. 'ரஜூலா' கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறுகிறவர் கையில் சரியான பத்திரம் இருக்கவேண்டும் என்றானது.

1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமை பெற வழி திறந்தது. மலாய் மொழித் தேர்வு இல்லாமலே விண்ணப்பிக்க ஓராண்டுச் சலுகையும் இருந்தது. தெரிந்தவர்கள் பதிந்துகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், "இங்கேதானே இருக்கிறோம், எதற்குக் காகிதம்?" என்று இருந்துவிட்டார்கள். அந்த அலட்சியத்தின் விலை 1969-இல் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் திகைத்து நின்றார்கள். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கே பிறந்து வளர்ந்து, இந்தியாவைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள்.

ஒரு காகிதத்துக்கான கட்டணம் சில வெள்ளிதான். அது இல்லாமற்போனால் கொடுக்கவேண்டிய விலைக்கு அளவே இல்லை.

பத்து வெள்ளி சொல்லும் பாடம்

இந்தக் கதையில் மனத்துக்கு ஆறுதலான ஓர் அத்தியாயமும் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்கள் தெருவில் நிற்கும் நிலை. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு வாங்குங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

நாளுக்கு மூன்று வெள்ளி சொச்சம் சம்பாதித்தவர்கள் கொடுத்த பத்து வெள்ளி அது. 1907-ஆம் ஆண்டு நிதிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனித்தீர்களா? அங்கே பணம் நம் பெயரில் இருந்தது. நாம் அதில் இல்லை. இங்கே பதிவேட்டில் ஆள் பெயர் இருந்தது. பங்குச் சீட்டு கையில் இருந்தது. கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையை எல்லாரும் எல்லாக் காலத்திலும் பயன்படுத்தினோமா என்பது வேறு கேள்வி. ஆனால் உரிமை இருந்தது.

நாம் செய்யவேண்டியவை

வாசகர்களே, பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பணம் கட்டும்போதெல்லாம் இது மூன்றில் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று கேட்டுப் பழகுங்கள். பொதுப் பெட்டி என்றால் அதைப் பற்றிக் கேட்கவேண்டிய இடம் நாடாளுமன்றம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அங்கே இருக்கிறார். பாட்டனுக்கு இல்லாத ஓட்டு நமக்கு இருக்கிறது.

இரண்டாவது, ஊர்ப் பெயரிலும் இனத்தின் பெயரிலும் உள்ள பெட்டிகளைக் கவனியுங்கள். கோயில் நிதி, பள்ளிக்கூட நிதி, மரண சகாய நிதி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அந்த வகைதான். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது பலர் பலகாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, உங்கள் பெயரில் உள்ள பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள். சேமநிதிக் கணக்கில் முதலாளியின் பங்கு மாதந்தோறும் ஏறுகிறதா? சொக்சோவுக்குப் பிடித்த பணம் கட்டப்படுகிறதா? வாரிசு பெயர் எழுதியிருக்கிறீர்களா? பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

நான்காவது, காகிதங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாள அட்டை, பாட்டன் பாட்டியின் பழைய பயணப் பத்திரம், தோட்டத்துச் செக்ரோல் சீட்டு எது கிடைத்தாலும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். பிள்ளை பிறந்தால் தாமதமில்லாமல் பதியுங்கள். திருமணத்தைக் கோயிலில் நடத்துவதோடு நிற்காமல் சட்டப்படியும் பதியுங்கள். இன்றைக்கும் சிவப்பு அட்டையோடு வாழும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், பதிவு இலாகாவுக்கு அழைத்துப்போக ஒரு நாள் லீவு போடுங்கள். அது கோயிலுக்குப் போன புண்ணியத்துக்குக் குறைந்ததல்ல.

வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது கடைக் கணக்கைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். இனி இந்தக் கணக்கையும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள்: பாட்டனின் ஒரு நாள் பேருக்கு அவருக்குக் கிடைத்தது 50 காசு, அதே பேரைக் கணக்கிட்டு அவர் அறியாமல் ஒரு நிதி வளர்ந்தது, அந்த நிதி தொண்ணூறு ஆண்டு நின்றது, பிறகு மூடியது. இதில் அவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று பிள்ளை கேட்டால், விடை சொல்ல முடியாமற்போனாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்குத் தன் பெயரில் ஒரு பெட்டி மூடப்படும்போது சும்மா இருக்காது.